மெதுவாக ஓடும் மெஷின்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: ரூபஸ், வீட்டுக்காரன். ஹெலினா, அவன் மனைவி. சகாயம்மாள், அவன் அம்மா. கம்ப்யூட்டர் பார்க்கப் போன நான். திரையில் பாதி முகம் தெளிந்து மீதி முகம் கட்டங்கட்டமாக உறைந்து நின்ற ஒரு கல்யாணப் பெண்ணையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹெலினாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த மெஷின் இன்னும் ஒரு நாளைக்கு மெதுவாகவே ஓட வேண்டும். அதை வேகமாக ஓட வைக்கத்தான் ரூபஸ் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

ரூபஸும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்கள். அவன் போனில் பேசுகிற பிரிவு. நான் இங்கே உட்கார்ந்தபடி எங்கோ இருப்பவர்களின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து சரி செய்கிற பிரிவு. எனக்கு முதலில் தூக்கம் கெட்டது, பிறகு மற்றதெல்லாம் கெட்டது. ஒரு நாள் கம்பெனி வண்டி கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் இறங்கிப் போகவில்லை. அவ்வளவுதான் என் உத்தியோகம். அவன் பகல் வேலைக்கு மாறி, டீம் லீடர் ஆகி, கல்யாணம் செய்து, கள்ளிக்குப்பத்தில் ஃப்ளாட் வாங்கினான். நான் வீடு வீடாகப் போய் மெஷின் பார்க்கிறேன். தூசி தட்டுவது, ராம் மாற்றுவது, வைரஸ் எடுப்பது. பகலில் செய்கிற வேலை என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சில் பூசை முடிந்து வந்த சட்டையோடு ரூபஸ் படிக்கட்டிலேயே என்னை மறித்தான்.

"மச்சான், மேல போறதுக்கு முன்னாடி ஒரு மேட்டர்."

போனை நீட்டினான். அதில் ஒரு கம்ப்யூட்டர் திரை சின்னதாகத் தெரிந்தது. பட்டுப்புடவை, மாலை, ஒரு கண், ஒரு காது.

"இன்னா தெரியுதா? எங்க ஊட்டு கம்ப்யூட்டர். அவ இன்னா பண்ணிகினு கீறான்னு ஆபீஸ்ல உக்காந்துகினே பாப்பேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அப்பால எதுக்குடா போடறது?" சிரித்தான். "ஆனா ஒரு மாசமா நின்னு நின்னு வருது மச்சான். காலைல பாத்தா ஒரு பொண்ணு மூஞ்சி. சாப்ட்டு வந்து பாத்தாலும் அதே பொண்ணு, அதே மூஞ்சி. நடுவுல இன்னா நடந்துச்சுன்னே தெரியல. பேஜாரா கீது."

"அவங்க வேலையும் நிக்குதா?"

"நிக்குதுன்னு சொல்றா. அது நின்னா நிக்கட்டும். எனக்கு இது ஓடணும்."

இப்படிக் கேட்பவர்கள் எனக்குப் புதிதில்லை. மகளுக்கு, மனைவிக்கு, கடையில் உட்கார வைத்த தம்பிக்கு என்று கேட்பார்கள். தங்களுக்குப் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஹாலில், சமையலறையிலிருந்தும் வாசலிலிருந்தும் திரை தெரிகிற மாதிரி மேசையைப் போட்டிருந்தார்கள். சகாயம்மாள் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வா நைனா. பொட்டிக்குள்ள பூந்து இன்னான்னு பாரு. என் மருமவ ஊர்ல கீற பொண்ணுங்களுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெச்சிகினே கீறா. ஒண்ணும் முடியக் காணோம்."

"அத்தை, நேத்துதான் ஒரு ஆல்பம் குடுத்தேன்."

"குடுத்தே. அந்தப் பொண்ணுக்கு இந்நேரம் புள்ளையே பொறந்திருக்கும்."

ரூபஸ் சிரித்தான். ஹெலினாவும் சிரித்த மாதிரி உதட்டை அசைத்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். பூந்தமல்லி ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறாள். முகத்தில் பரு எடுப்பது, மூடிய கண்ணைத் திறப்பது, வராத சித்தப்பாவை மேடையில் ஏற்றுவது. முடிந்த பக்கங்களை இண்டர்நெட்டில் ஸ்டுடியோவுக்கு அனுப்புவாள்.

"எங்கே நிக்குதுன்னு காட்டுங்க" என்றேன்.

அவள் செய்து காட்டினாள். மணமகளின் மூடிய கண்ணை வளைத்து எடுத்துத் தூக்கி எறிந்து, வேறொரு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து பொருத்தினாள். விரல்கள் விசைகளைப் பார்க்காமலே போயின. தொழில் தெரிந்த கை. ஆனால் அந்தக் கண் முகத்தில் போய் உட்காருவதற்குள் சகாயம்மாள் ஒரு பிடி பீன்ஸை முடித்துவிட்டாள்.

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு சாஃப்ட்வேரின் அமைப்புகளைத் திறந்தேன். இந்த மாதிரி சாஃப்ட்வேர் நாம் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கும், தப்பு செய்தால் பின்னால் போவதற்காக. எத்தனை மாற்றங்களை வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். அதிகம் சொன்னால் திணறும். ஹெலினாவின் மெஷினில் அது போகக்கூடிய உச்சத்தில் இருந்தது. ராமில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்கிற இடத்தில், கிட்டத்தட்ட ஒன்றுமே எடுக்காதே என்று இருந்தது. அதனால் அது எல்லாவற்றையும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு அந்தக் கல்யாணத்தின் படங்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன, நலங்கில் தொடங்கி கடைசிப் பந்தி வரை.

அறியாமை என்றால் ஏதோ ஓர் இடத்தில் தப்பு இருக்கும். இங்கே எல்லாமே ஒரே திசையில் தப்பாக இருந்தது.

"இதையெல்லாம் யாரு வெச்சது?" என்று கேட்டபடி முதல் எண்ணைக் குறைக்கப் போனேன்.

"அதைத் தொடாதீங்க அண்ணா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மவுஸைப் பிடித்திருந்த விரல் நகங்கள் வெளுத்திருந்தன. "எனக்கு அப்படியே பழகிடுச்சு."

"பழகிடுச்சாம்" என்றான் ரூபஸ். "கல்லு மேல ஒக்காந்தாகூட இவளுக்குப் பழகிடும்."

அப்போது கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. யாரோ ஃப்ளாட் நம்பரைச் சொல்லி, வண்டியை எடுங்க சார் என்று கத்தினார்கள். ரூபஸின் பைக் லாரி தண்ணீர் விடுகிற சம்ப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. திட்டிக்கொண்டே சாவியை எடுத்து இறங்கினான். சகாயம்மாள் பீன்ஸ் தட்டோடு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள்.

ஹெலினா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சத்தம் பிடிக்குமா அண்ணா, படம் மட்டுமா?"

"எது?"

"அவர் வெச்சிருக்கிறது."

"படம் மட்டும்தான்."

"அப்போ பேசலாம். நீங்க மவுஸை ஆட்டிட்டே இருங்க."

ஆட்டினேன். கல்யாணப் பெண்ணின் நெற்றியில் அம்புக்குறி சுற்றிச் சுற்றி வந்தது.

"எப்படித் தெரியும்?"

"நான் யார்கிட்டயும் காட்டாத பக்கத்தைப் பத்திச் சாப்பிடும்போது பேசினார். பச்சை நல்லா இல்லையாம்." குழாய்ச் சத்தத்துக்குள் அடங்குகிற குரலில் வேகமாகச் சொன்னாள். "ஒரு தடவை பெரிய கல்யாணம் ஒண்ணு வந்துச்சு. எல்லாத்தையும் மொத்தமாத் திறந்தேன், மெஷின் திணறிடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வந்து, மத்தியானம் பூரா என்ன பண்ணினேன்னு கேட்டார். அதுக்கு முன்னாடி அவர் கேட்டதே இல்லை. சொல்லத்தான் செய்வார். அப்போதான் புரிஞ்சுது, மெஷின் நின்னா அவருக்கும் நின்னுடுது."

"அந்த நேரத்துல?"

"மெயில் திறப்பேன். கோயம்புத்தூர்ல சாவித்திரி அக்கான்னு ஒருத்தங்க. ஆல்பம் லேப் வெச்சிருக்காங்க. என் பக்கங்களை அனுப்பினேன், வரச் சொல்லிட்டாங்க. மாடியில ரூம் தர்றாங்க. நாளைக்கு டிக்கெட் எடுத்து அனுப்புவாங்க. புதன்கிழமை அத்தை சர்ச்சுக்கு, நவநாள் ஜெபத்துக்குப் போவாங்க, அப்போ வீட்டுல யாரும் இல்லை."

"போன்ல பேசலாமே."

"என் போன் அவர்கிட்டதான் இருக்கு. வீட்டுல இருக்கிறவளுக்கு எதுக்குன்னு." மூச்சு விட்டாள். "நாளைக்கு ஒரு நாள் அண்ணா. நாளைக்கு மட்டும் இது இப்படியே இருக்கட்டும்."

"உங்களை அடிப்பானா?"

"நீங்க மெஷின் பார்க்க வந்தீங்க."

குழாய் நின்றது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே பொய்யைச் சொன்னேன். தொழிலில் தினமும் சொல்கிற பொய்தான். "போர்டு வீக்காயிருக்கு மச்சான். இதுக்கு மேல வேகம் வராது. பார்ட்ஸ் தேடணும், ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் இப்படியே ஓட்டட்டும்."

ரூபஸ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"போர்டு போச்சா? சரி வுடு. தூக்கிகினு போய்டு. பழைய இரும்புக்குப் போடு. இவளுக்கும் கண்ணு கெட்டுகினே போவுது, ரெஸ்ட் எடுக்கட்டும். எத்தினி நாளைக்குத்தான் ஊரான் கல்யாணத்துக்குக் கண்ணு தொறந்துகினு இருப்பா?"

"நல்லதாப் போச்சு" என்றாள் சகாயம்மாள் உள்ளேயிருந்து. "அந்த மேசை மேல மிக்சிய வெச்சிக்கலாம்."

மெதுவாக ஓடுகிற மெஷினுக்கும் வேகமாக ஓடுகிற மெஷினுக்கும் நடுவே பேரம் நடக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். மெஷினே இல்லாமல் போகிற ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவில்லை. ஹெலினாவுக்கு உடனே தோன்றியது.

"ஆல்பம் பாதியில இருக்குங்க" என்றாள். "அண்ணன் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கட்டுமே."

ரூபஸ் என்னைப் பார்த்தான். "பாக்கறியா?"

பையில் ஒரு எஸ்எஸ்டி இருந்தது, பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான டிஸ்க். இல்லையென்று சொல்ல முடியாது, படிக்கட்டிலேயே அவனிடம் காட்டியிருந்தேன். பெட்டியைக் கழற்றி அதைப் பொருத்தினேன். உள்ளே தூசி திரித்த நூலாக இருந்தது. வேலை செய்துகொண்டே ஒரு வழி யோசித்தேன். மெஷினுக்குள் எந்த வேலை முன்னால், எந்த வேலை பின்னால் என்று வரிசை உண்டு. ரூபஸ் போட்டு வைத்திருந்ததை அந்த வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டால், போட்டோ வேலை கனமாக நடக்கும்போது அது காத்து நிற்கும். படம் மறுபடியும் நிற்கும். அவளுக்கு வேண்டிய அரை மணி கிடைக்கும். ரூபஸுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குப் பேசத்தான் தெரியும்.

அதைச் செய்தேன். செய்ததை ஹெலினா பார்த்தாள். நான் லேசாகத் தலையசைத்தேன். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

மற்றதையும் அரைகுறையாக விட்டுவிடலாம் என்றிருந்தேன். ரூபஸ் ஒரு ஸ்டூலைப் போட்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டான். போட்டோ சாஃப்ட்வேரை வேகப்படுத்துவது எப்படி என்று ஒருவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"நேத்தே பாத்து வெச்சிக்கினேன் மச்சான். அந்த ஹிஸ்டரி இன்னா போட்டுக்கீது? ஆயிரமா? இருபதுதான் வெக்கணும்னு சொல்றான். வை."

வைத்தேன்.

"ராமு எழுவது பர்சென்டு."

வைத்தேன்.

"எழுதற டிஸ்க்க புதுசுக்கு மாத்து. ஆங், அதான். இன்னாடா, வீடியோ பாக்குற எனக்கே தெரியுது, நீ யோசிச்சிகினு கீறே?"

"அவன் வேலை தெரிஞ்சவன், நைனா" என்றாள் சகாயம்மாள். "வேலை தெரிஞ்சவன்தான் யோசிப்பான்."

மெஷினை அணைத்துப் போட்டேன். ஹெலினா கல்யாணத்தைத் திறந்தாள். வழக்கம்போல மொத்தமாக. மேளக்காரர், பட்டு, மாலை, பந்தி எல்லாம் சடசடவென்று வந்து அடுக்கி நின்றன. மூடிய கண்ணை எடுத்துத் திறந்த கண்ணை வைத்தாள். போய் உட்கார்ந்தது. இன்னொரு முகம், இன்னொரு கண். கை முன்னால் போக, மெஷின் அதற்கு முன்னால் போயிற்று. ஒரு நல்ல வேலைக்காரிக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நொடி அவள் முகத்தில் சந்தோஷம்கூட வந்தது.

அந்த வேகம்தான் என் உபாயத்தைக் கொன்றது. மெஷின் எதற்கும் திணறவில்லை. திணறாத மெஷினில் வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கும் உடனே முறை வந்துவிடும்.

ரூபஸின் போன் சத்தம் போட்டது.

"டேய், ஓடுது மச்சான்! பாரு, தண்ணி மாறி போவுது." என் முதுகில் தட்டினான். ஹெலினா இருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டான்.

போன் மறுபடியும் சத்தம் போட்டது. பிறகு நிற்காமல் போட்டுக்கொண்டே இருந்தது. ரூபஸ் கீழே பார்த்தான். விரலால் தள்ளினான்.

"இது இன்னா, வேற பொண்ணு? இது போன வாரத்து கல்யாணமாச்சே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் போனில் படம் நின்றபோது, திரையைப் படம் எடுப்பதும் நின்றுவிட்டது என்று ஹெலினா நினைத்திருந்தாள். நானும் அப்படியே நினைத்துவிட்டேன். எடுப்பது ஒரு நாளும் நிற்கவில்லை. எடுத்த படங்களை அனுப்ப முடியாததால் மெஷினுக்குள் ஒரு மூலையில் அடுக்கி வைத்துக்கொண்டே வந்திருக்கிறது, ஒரு மாசமாக. இப்போது வழி திறந்ததும் அடைந்து கிடந்ததெல்லாம் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.

குனிந்து நெட் கேபிளைப் பிடுங்கினேன். போன் அடங்கியது.

"எதுக்குப் புடுங்கினே?"

"சூடாவுது. கொஞ்ச நேரம்..."

"பரவால்ல மச்சான்" என்றான் ரூபஸ், போனிலிருந்து தலை நிமிராமல். "வந்ததே போதும்."

விரல் மெதுவாகத் தள்ளியது, நின்றது, இரண்டு விரலால் பெரிதாக்கியது. படிக்கும்போது உதடு அசைந்தது. அவன் சர்ச்சில் பாட்டுப் புத்தகம் படிப்பது இப்படித்தான் இருக்கும்.

"சாவித்திரின்றது யாரு, ஹெலினா?"

அவள் திரையைப் பார்த்து, செய்திருந்த பக்கத்தைச் சேமித்தாள். அழுத்திய கணமே மெஷின் சேமித்துவிட்டது.

சகாயம்மாள் ஈரக்கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். மகனின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீ கடைக்குப் போய் எதனா வாங்கிகினு வா."

"ஊட்ல எல்லாம் கீதே."

"போம்மா."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். மருமகள் பக்கம் திரும்பாமல் தேடினாள்.

ரூபஸ் என் பையை எடுத்து, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்துக் கையில் கொடுத்தான். "சூப்பரா பண்ணிட்டே. அப்பால பேசறேன். கெளம்பு."

"ரூபஸ், நான் கொஞ்ச நேரம் இருக்கேண்டா. ஓட்டிப் பாத்துட்டு..."

"ஓடுதே."

"என்ன வந்துச்சோ, உக்காந்து பேசலாம். நானும் இருக்கேன்."

"இது உன் ஊடா என் ஊடா, மச்சான்?"

குரலை உயர்த்தவே இல்லை. என் தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தான். திரும்பிப் பார்த்தேன். ஹெலினா நாற்காலியிலிருந்து எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலி அவளுக்கு முன்னால் இருந்தது.

"ஹெலினா, நீங்களும் கீழ வாங்க" என்றேன். "வாங்க, அத்தையோட."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். ரூபஸ் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் நின்றாள்.

நான் வெளியே இருந்தேன், ஒரு கால் மட்டும் நிலைப்படிக்கு உள்ளே. ரூபஸ் என் காலைப் பார்த்தான். கதவைச் சாத்தாமல் காத்திருந்தான். எதிர் ஃப்ளாட் கதவு ஒரு விரற்கடை திறந்து மூடிக்கொண்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே வந்த சகாயம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பலமாகவே இழுத்தாள்.

"வா நைனா. புருசன் பொண்டாட்டி. நாம எதுக்கு?"

"நீங்க சொன்னா கேப்பான்."

"நானா?" என்றாள். பிடியை மட்டும் விடவில்லை. "அவங்கப்பனே நான் சொல்லிக் கேட்டதில்ல. வா."

அவள் இழுத்த இழுப்பில் கால் வெளியே வந்துவிட்டது. கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி இரண்டு முறை திரும்பியது.